ஆடிக்காற்றில் திருச்சி டு பூம்புகார், சைக்கிளில்

வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் குட்டியானைக்காரரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பூம்புகாரிலிருந்து நான்கு சைக்கிள்களைத் திருச்சிக்குக் கொண்டுவர 4,500 ரூபாய் என்று பேசி, எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறும் கட்டிய பிறகு 6,000 கேட்டார். "வெல ஒசந்த வண்டி தம்பி, கீறல் விழாம ஓட்டணும்ல" என்று விளக்கம் வேறு. என்ன நடந்தது தெரியுமா? கூட வந்த நண்பர் பேச்சுவாக்கில் நாங்கள் நன்கொடைக்காக ஓட்டி வந்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். வசூல் காசு கையில் இருக்கும்போல என்று மனுஷன் கணக்குப் போட்டுவிட்டார். இருட்டிக்கொண்டு வந்தது, வேறு வண்டியும் இல்லை. 5,500-க்கு இறங்கி வந்தார்.

அந்தக் காசு எங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போனது, வசூலில் ஒரு ரூபாய் தொடவில்லை. இதில் நான் கறார். நகரங்களில் நடக்கும் நன்கொடை சைக்கிள் பேரணிகள் பலவற்றில் நுழைவுக் கட்டணத்தை வாங்கி டி-ஷர்ட், மெடல், ஃபிளெக்ஸ், மேடை என்று கரைத்துவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள். நாங்கள் அதெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்வார்கள், அதை வைத்துப் பழைய சைக்கிள்களை வாங்கி ஓவராயில் பண்ணி, டயர் டியூப் மாற்றி, பஸ் சரியாக வராத ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அரசு இலவச சைக்கிள் 11-ஆம் வகுப்பில்தான் வருகிறது. ஆறாவது படிக்கிற பிள்ளை அதுவரை நடக்க வேண்டியதுதானே?

மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு முட்டி பெயர்த்துக்கொண்டவன் நான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

ஆடியில் கிளம்பியதும் யோசித்துத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். திருச்சியே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம் வராது, அதிலிருந்து கடல் வரைக்கும் மெல்லிய இறக்கம், ஏறுவதற்குப் பாலங்கள் மட்டும்தான். இதே வழியைத் திரும்ப மிதிப்பதென்றால் காற்று முகத்தில் அறையும், அதனால்தான் குட்டியானை. (மறுபடியும் அவர் நினைப்பு.)

கல்லணையில் வறுத்த மீன் வாசனையைத் தாண்டிப் போவதே ஒரு தவம். மேட்டூரை வழக்கம்போல ஜூன் 12-இல் திறந்திருந்ததால் மதகுகளில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஆறு பிரிவது இங்கேதான். திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஒரு கருவேல முள் டயரில் ஏறியது. பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, அந்த ஒல்லியான பிரெஸ்டா வால்வை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய பம்பு அதில் சேராது, நல்லவேளை என்னிடம் அடாப்டர் இருந்தது. "இவ்வளவு வெலைக்கு வண்டி வாங்கி, காத்து மட்டும் நம்ம ஊரு காத்துதானா?" என்று சிரித்துவிட்டு 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். நியாயமான மனுஷன்.

திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யில் வெந்து, இலையில் வைத்துத் தரும்போது விரல் சுடும். இரண்டாவது வாங்கினேன், பட்ஜெட் போச்சு. கும்பகோணத்தில் காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைத்தது பாருங்கள், அதற்காகவே இன்னொரு முறை மிதிக்கலாம். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு, அவ்வளவுதான், சாம்பாரை மறந்தேவிட்டோம். நெடுஞ்சாலையில் செம்புக் குடத்தை அடுக்கி வைத்துக் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று விற்பதைக் குடித்து ஏமாந்தவர்கள் ஊருக்குள் வந்து குடித்துப் பார்க்கவும்.

அப்புறம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் மாதிரி செதுக்கிய மண்டபத்தின் கல் சக்கரத்துப் பக்கத்தில் குந்தி, சைக்கிள் சக்கரத்துக்குப் பார்ப்பதுபோல் கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தோம். காவலாளி எங்களை விநோதமாகப் பார்த்தார்.

மயிலாடுதுறைக்குப் பிறகு சாலை சுமார், மணல் லாரிகள் தொல்லை. கல்லணையில் அகண்டு கிடந்த காவிரி, பூம்புகாரில் கடலுக்குள் போகும்போது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். மிச்சமெல்லாம் வழி நெடுக நாங்கள் பார்த்த குறுவை வயல்களில் நின்றுகொண்டிருந்தது.

வசூல் முக்கால்வாசி வந்துவிட்டது. மாமா மட்டும் இன்னும் தரவில்லை. கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்று ஒப்புக்கொண்டவர், இப்போது கூகுள் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாராசுரத்துக்குச் சுத்தினதெல்லாம் நீங்க கோயில் பாக்கப் போனது மாப்ள, அத நான் ஏன் குடுக்கணும்?" என்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.