பட்டாணி அளவு

2025 ஜனவரி 11, சனி

பருவுக்கும் தழும்புக்கும் முகத்தில் பூசும் ரெட்டினோல் வாங்க வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் முக்கால் மணி நேரம் நின்றேன். எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல், வறண்ட சருமத்துக்குக் கிறீம் என்பார்கள். என் முகத்தில் இரண்டும் குடியிருக்கின்றன: மதியத்துக்குள் மூக்கில் எண்ணெய் வழியும், அலுவலகக் குளிரூட்டியில் கன்னம் வறண்டு இழுக்கும். எரிந்தால் கன்னம்தான் முதலில் எரியும் என்று கிறீமையே எடுத்தேன். ரெட்டினோல் 0.2 சதவீதம். கை என்னவோ 1 சதவீதத்தின் பக்கம்தான் போனது. கண்ணாடிப் போத்தலில் வந்ததையும் விட்டுவிட்டேன்; வெளிச்சமும் காற்றும் பட்டால் ரெட்டினோல் கெட்டுவிடும்.

ஜனவரி 14, தைப்பொங்கல்

விற்றமின் ஏ வகை என்று அம்மாவிடம் சொன்னது என் பிழை. "முருங்கையிலையைச் சாப்பிடாமல் காசு கொடுத்துப் பூசுகிறாயா, பிள்ளை?" என்றார். பொங்கலைக் கிண்டியபடியே.

ஜனவரி 23

கிழமைக்கு இரண்டு இரவு என்ற கணக்கை மறந்து நான்கு இரவு தொடர்ந்து பூசிவிட்டேன். அதுவும் தாராளமாக. வாயோரத்தில் தோல் வெங்காயச் சருகாக உரிகிறது. மீன்குழம்பு பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் முதலில் வாஸலின் தடவியிருக்க வேண்டும்.

பெப்ரவரி 2

பத்து நாள் ஓய்வு. இனித் திங்களும் வியாழனும் மட்டும். முகம் நன்றாக உலர்ந்தபின் ஈரப்பதக் கிறீம், அதன்மேல் ரெட்டினோல், மறுபடி ஈரப்பதக் கிறீம். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். தோலுக்குள் இரண்டு படி மாறி ரெட்டினோயிக் அமிலமானால்தான் அது வேலை செய்யும்; அள்ளிப் பூசினால் எரிச்சல்தான் கூடும்.

பெப்ரவரி 16

நாடியில் இரண்டு பருக்கள். தொடக்கத்தில் இப்படிக் கிளம்பும் என்று தெரிந்தும் கண்ணாடியோடு கோபம். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிறீன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பதற்குள் பாதி வியர்வையோடு போகிறது, அதனால் குடையும். மச்சாள் கிறீமைக் கேட்டாள். நான்கு மாதக் கர்ப்பிணி; கொடுக்கவில்லை. கர்ப்பகாலத்தில் ரெட்டினோல் ஆகாது. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 6

பன்னிரண்டு கிழமை. நெற்றியில் விரலை ஓடவிட்டால் முன்பு மணல்போல நெருடிய இடம் வழுக்குகிறது. பழைய பருத் தழும்பு மங்கியிருக்கிறது, போகவில்லை. இரவு அம்மா தானாக வந்து விரலை நீட்டினார். பட்டாணி அளவு பிதுக்கி வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"மற்றக் கன்னத்துக்கு?"