குடல்வால் வலி: "ரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்

அறுவை முடிந்து தையலும் பிரித்தாயிற்று. ஆனாலும் முதல் தடவை அவசரப் பிரிவில் "கேஸ் வலிதான், ரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்று ஊசி போட்டு அனுப்பியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வலி எப்போது ஆரம்பித்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதே அதுதான். குடல்வாலின் வாய் அடைபட்டால் உள்ளே சுரக்கும் சளி வெளியேற வழியின்றித் தேங்கி, அது உப்பத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத்தான் இருக்கும். இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பசியே இல்லை, பிறகு குமட்டல். அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தத்தில் ஏறவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். வெள்ளை அணுக்களும் ஆரம்பத்தில் நார்மலாக இருக்கலாம். எனக்கு வலி தொடங்கிய கையோடு ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

இரவில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. இருமினால் குத்தியது, வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியபோது உயிரே போயிற்று. வீக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட, கிருமிகள் சுவருக்குள் புகும். அவற்றோடு போராட வெள்ளை அணுக்கள் குவிந்து சீழ் பிடிக்கும். அழற்சி வெளிச்சுவரைத் தாண்டி வயிற்றின் உள்சவ்வைத் தொட்டதும் வலி ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

மறுபடி போனபோது இருந்த டாக்டர் அந்த இடத்தை மெதுவாக அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியதைவிட எடுத்தபோதுதான் கத்தினேன். ஸ்கேனில் "குடல்வால் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகாது. அவர் அதை நம்பி நிறுத்திக்கொள்ளவில்லை. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போனது நல்லதாயிற்று. மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எண்கள் ஏறியது பளிச்சென்று தெரிந்தது. அடுத்து சிடி ஸ்கேன், அறுவை. சீழ் கோத்திருந்தது, வெடிக்கவில்லை.

வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். சந்தேகம் தீராவிட்டால் சில மணி நேரம் கழித்து மறுபரிசோதனை கேளுங்கள். கடும் வலி திடீரென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள், வெடித்திருக்கலாம். சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகளுக்கு வலி இந்த வரிசையில் வராமலும் போகலாம். அவர்களுக்கென்றால் இரவு பகல் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.