நாலு நாள் இருக்கு

"என்னம்மா, டேட் நெருங்குதா?"

இவ்வளவுதான் கேட்டேன். குரலில் கிண்டல் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன். இந்த இரண்டையும் எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேனோ, கணக்கில்லை.

அதற்கு அரை மணி நேரம் முன்பு, எங்கள் சாஃப்ட்வேரை வெளியிடுவதற்கான ரிலீஸ் மீட்டிங்கில், என் டீமில் இருக்கும் அவள் எல்லார் முன்னாலும் என்னிடம் குரலை உயர்த்தியிருந்தாள். மிச்ச டெஸ்ட்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்று அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "ஓடாத டெஸ்டை ஓடிச்சுன்னு என்னால எழுத முடியாது" என்றாள். அப்படிப் பேசுகிற பெண் இல்லை அவள்.

என் கேள்விக்கு அவள் சொன்ன பதில்: "ஆமாக்கா, நாலு நாள் இருக்கு. அதனால டெஸ்ட் ஓடிடுச்சா?"

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். விஷயத்தை என்னிடம் சொன்னதே அவள்தான். பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் தான் வேறு ஆளாகிவிடுவதாக, காரணமே இல்லாமல் அழுகை வருவதாக ஒரு நாள் சொன்னாள். டாக்டர் 2 மாதம் தினமும் மனநிலையைக் குறித்துவரச் சொல்லி, பார்த்துவிட்டு, பிஎம்டிடி என்றாராம். சாதாரண மாதவிடாய்க்கு முந்தைய எரிச்சலைவிடப் பல மடங்கு கடுமையான நிலை; அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-ல்தான் தனி நோயாக இடம்பெற்றது. "என்கிட்ட வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கக்கா" என்று கேட்டதும் அவளே. அதனால்தான் கேட்டேன்.

அதனால்தானா?

அப்புறம் நிறையப் படித்தேன். 'ஹார்மோன் கூடிப்போச்சு' என்று நாம் சொல்வது இதில் பொருந்தாது. இந்தப் பெண்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் கடுமையாகத் தவிக்கும் பெண்களுக்குச் சினைப்பை ஹார்மோன்களை மருந்தால் அடக்கிப் பார்த்தார்கள். பலருக்குத் தொல்லை குறைந்தது. ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்டிரோனையோ திரும்பக் கொடுத்ததும் மீண்டும் வந்துவிட்டது. இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கும் அதையே கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆக, வித்தியாசம் ஹார்மோனில் இல்லை, அதை வாங்கிக்கொள்ளும் மூளையில் இருக்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் உடைந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாகி, மூளையில் தூக்க மாத்திரைகள் சில வேலை செய்யும் அதே காபா ஏற்பிகளில், அதாவது நரம்புகளின் பரபரப்பை அடக்கும் இடங்களில், போய் ஒட்டுகிறது. பெரும்பாலோரை அது அமைதிப்படுத்தும். சிலருக்கு மட்டும் அதுவே எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்பிவிடுகிறது.

பெண் எலிகளின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், அவற்றின் 4, 5 நாள் இனப்பெருக்கச் சுழற்சிக்குள்ளேயே நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணையும் சின்ன முட்கள் கூடுவதையும் குறைவதையும் 1990-லேயே பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குள் ஒரு துள்ளல். மூளையே மாறுகிறது பார், நான் கேட்டதில் என்ன தப்பு? அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஏனென்றால் பெண்களின் நினைவாற்றலையும் கணக்கிடும் திறனையும் சோதித்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்கு, சுழற்சியின் எந்தக் கட்டத்திலும் உறுதியாகச் சொல்லும்படி ஒரு மாற்றமும் கிடைக்கவில்லை. அவள் குரல் உயர்ந்ததற்கு அந்த நாலு நாள் காரணமாக இருக்கலாம். டெஸ்ட் ஓடவில்லை என்று அவளுக்குத் தெரிந்ததற்கு அது காரணமில்லை.

ஒருவேளை மற்ற நாட்களில் விழுங்கிக்கொள்வதைத்தான் அன்று சொன்னாளோ என்னவோ. இப்படிச் சொல்வதும் அவளுடைய நோயை ஏதோ துணிச்சல் மாதிரி அலங்கரிப்பதுதான். அந்த வாரங்களில் அவள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ரிலீஸ் ஒரு நாள் தள்ளிப்போனது. மிச்ச டெஸ்ட்களில் ஒரே ஒரு சின்னப் பிழை. அப்படியே போயிருந்தாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆக, அதுவும் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

எனக்கு 47 வயது. டேட் என்று ஒன்று இப்போது எனக்கு ஒழுங்காக இல்லை. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். அன்று அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, 'அனுப்பிவிடலாம்' என்று இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள், உடனே. சண்டை ஒன்றும் இல்லை, வேலையும் நன்றாகப் போகிறது. முன்பெல்லாம் லீவு மெசேஜில் "அந்த வாரம்க்கா, முடியல" என்று எழுதுவாள். இப்போது "உடம்பு சரியில்லை" என்று மட்டும் வருகிறது. நான் "சரிம்மா" என்று அனுப்புகிறேன்.