அப்பாவோட குதிகால்

அக்டோபர் 13
பக்கவாதம் வந்த அப்பாவை இன்னிக்கு பிசியோதெரபில மிஷின் மேல ஏத்துனாங்க. அதிர்ற பலகை, பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கம்பி, அவ்வளவுதான். 30 ஹெர்ட்ஸ்னு வெச்சாங்க, அப்படின்னா செகண்டுக்கு 30 அதிர்வு. முட்டியை லேசா மடக்கியே வெக்கணுமாம், விறைப்பா நின்னா அதிர்வு நேரா தலைக்கு ஏறிடும். அப்பாவுக்கு இடது முட்டி பின்னாடி போயி லாக் ஆகும், அதனால பிசியோ அக்கா தரையில உக்காந்து முட்டிக்குப் பின்னாடி கையைக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. 45 செகண்ட் நின்னாரு. நான் குதிகாலையே பாத்துட்டு இருந்தேன். விரலெல்லாம் உள்ள மடங்கி பலகையைக் கவ்வுது, குதிகால் மட்டும் தூக்கிட்டு நிக்குது, கீழ ஒரு விரல் நுழையும்.

அக்டோபர் 14
குதிகால் படல.

அக்டோபர் 16
குன்னூர்ல இருந்து திரும்பி வர்ற பஸ்ல அப்பாவுக்கு இடது கால் தானா தடதடன்னு ஆட ஆரம்பிச்சுது, நிக்கவே இல்ல, முன் சீட்ல இருந்த அம்மா திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு, இந்த மிஷின் ஏதோ கெடுத்துடுச்சுன்னுதான் நெனச்சேன். பிசியோ அக்காவுக்கு போன் பண்ணேன். முன்பாதம் மட்டும் அழுந்துனா கெண்டைக்கால் தசை வெடுக்குன்னு இழுபடும், அதுல வர்ற ஆட்டம்தான், பக்கவாதம் வந்த காலுக்கு இது சகஜம், தொடையை மெதுவா அமுக்கி குதிகாலைக் கீழ இறக்குங்கன்னாங்க. இறக்குனேன். நின்னுடுச்சு. எல்லாம் அந்தக் குதிகால்லதான் இருக்கு.

அக்டோபர் 17
மாமா வந்தாரு. ஒடம்பு எளைக்கறதுக்கு ஆன்லைன்ல அதிர்ற மிஷின் விக்கறாங்களாம், வாங்கிப் போட்டா தினமும் பஸ் ஏற வேண்டாமேன்னு. நல்ல மனசுலதான் சொல்றாரு, இந்தப் படியில அப்பாவைத் தூக்கி ஏத்துறதே அவரும் தம்பியும்தான். ஆனா மொத நாள் அக்கா எவ்வளவு கேட்டாங்க, பேஸ்மேக்கர் இருக்கா, கால்ல ரத்தம் உறைஞ்ச கட்டி இருக்கா, வலிப்பு வந்திருக்கா, சமீபத்துல எலும்பு முறிஞ்சிருக்கா. ஆன்லைன்ல விக்கறவன் இதெல்லாம் கேப்பானா? பிடிக்கக் கம்பி இல்லாத பலகையில அப்பாவை ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன். மாமா டீ குடிக்காமப் போயிட்டாரு.

அக்டோபர் 19
தூக்கம் வரல. அன்னிக்கு ராத்திரி பக்கவாதம் எத்தனை மணிக்கு வந்திருக்கும்? 10 மணிக்கு மாத்திரை போட்டுட்டுப் படுத்தாரு, விடிகாலையில கூப்பிட்டப்ப வாய் கோணி இருந்துச்சு. மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியலன்னா கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்துதான் கணக்கு. மேட்டுப்பாளையம் எறங்கி கோயமுத்தூர் போறதுக்குள்ள அந்தக் கணக்கு எப்பவோ தாண்டிடுச்சு. ஒருவேளை அஞ்சு மணிக்குத்தான் வந்திருந்தா? அஞ்சு மணிக்கா வந்திருக்கும்?

அக்டோபர் 20
மழை.

அக்டோபர் 22
அக்காகிட்ட நேராவே கேட்டேன், இந்த மிஷினால கால் வந்துடுமான்னு. மழுப்பாம பதில் சொன்னாங்க, அதுக்கே அவங்க கையைப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. தசைக்குள்ள நீட்டத்தை உணர்ற சின்னச் சின்ன உறுப்பு இருக்காம், அதிர்வு அதைத் தட்ட, அது முதுகுத்தண்டுக்குச் சேதி அனுப்ப, தசை தானா இறுகுதாம். அப்புறம் சில பேருக்குக் கொஞ்ச நேரம் விறைப்பு தளரும், அந்தச் சந்துல நடக்க வெக்கணும், அதுக்குத்தான் எறங்கின கையோட கம்பிக்கு நடுவுல நடத்துறாங்க. நெதர்லாந்துல பக்கவாதம் வந்த 53 பேரை வெச்சுப் பாத்து 2006ல எழுதியிருக்காங்களாம், இதே 30 ஹெர்ட்ஸ், 45 செகண்ட் வீதம் நாலு தடவை, வாரம் அஞ்சு நாள், ஆறு வாரம். பாதிப் பேருக்கு மிஷின், மீதிப் பேருக்குப் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி. ரெண்டு கூட்டமுமே தேறுச்சு, பேலன்ஸ்ல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல.

பஸ் பூரா இதையே யோசிச்சுட்டு வந்தேன். வருத்தப்படணுமா சந்தோஷப்படணுமா. பாட்டு நம்ம வீட்லயே இருக்கே.

அக்டோபர் 23
டீ ஃபேக்டரியில தூள் சலிக்கற மிஷின் பக்கத்துல 31 வருஷம் வேலை பாத்தவரு. பலகையில ஏறினதும் அம்மாகிட்ட ஏதோ சொன்னாரு, குழறலா. அம்மாவுக்குப் புரிஞ்சுது: "தூள் எங்கன்னு கேக்கறாரு." நானும் அம்மாவும் அழுதுட்டோம், அப்பா சிரிச்சாரு, வாய் ஒரு பக்கமாத்தான்.

அக்டோபர் 25
மண் சரிஞ்சு குன்னூர் ரோடு மூடிட்டாங்க. சமையல் மேடையைப் பிடிச்சு நிக்க வெச்சேன், தம்பி முட்டிக்குப் பின்னாடி கை, போன்ல பழைய பாட்டு. ஒரு பாட்டு முடியற வரைக்கும் நின்னாரு. குதிகால் பட்டுச்சு, ரெண்டாவது சரணத்துல, திரும்ப தூக்கிடுச்சு. தம்பி பாக்கலங்கறான். நான் பாத்தேன்.

அக்டோபர் 26
ரோடு இன்னும் தொறக்கல. மாமா ரெண்டு நீளக் கம்பியோட வந்தாரு, சுவத்துல எந்த உயரத்துல அடிக்கணும்னு அப்பாவோட இடுப்பை அளந்துட்டு இருக்காரு