டையோடு லேசரில் மரமும் தோலும்: செட்டிங்கை எந்த வரிசையில் பிடிப்பது

"10 வாட் லேசருக்கு பிளைவுட் செட்டிங் என்ன?" என்று, டையோடு லேசர் மிஷினால் மரத்தில் எழுத்தும் படமும் எரித்துச் செதுக்குபவர்களிடம் கேட்டால் "ஸ்பீடு 3000, பவர் 60" என்று உடனே பதில் வந்துவிடும். அதை அப்படியே போட்டால் ஒருவர் பலகையில் கரி பிடிக்கும், இன்னொருவர் பலகையில் வெளிறிய தடம்தான் விழும். ஃபோகஸும், லேசர் வரிவரியாகப் போடும் கோடுகளுக்கு நடுவே உள்ள கோட்டு இடைவெளியும் எவ்வளவு என்று அந்தப் பதில் சொல்வதில்லை. இவை இரண்டையும் நிலைப்படுத்திய பிறகுதான் ஸ்பீடு, பவர் பக்கமே போக வேண்டும்.

முதலில் எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் 40 வாட், 80 வாட் பெரும்பாலும் மிஷின் இழுக்கும் மின்சாரம். லென்ஸிலிருந்து வெளியே வரும் ஒளியின் வாட்தான் நமக்குக் கணக்கு. வேகத்திலும் குழப்பம் உண்டு: சிலர் நிமிடத்துக்கு இத்தனை மி.மீ. என்பார்கள், சிலர் விநாடிக்கு. விநாடிக்கு 50 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 3000. மிஷினின் கட்டுப்பாட்டு போர்டில் ஓடுவது ஜி.ஆர்.பி.எல். என்ற புரோகிராம் என்றால், அதில் முழு பவரைக் குறிக்கும் $30 மதிப்பும் கணினி சாஃப்ட்வேரில் அதையே குறிக்கும் எஸ்-மேக்ஸ் மதிப்பும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். போர்டில் 255, சாஃப்ட்வேரில் 1000 என்று இருந்தால் 26 சதவீதத்துக்கு மேல் எதைக் கொடுத்தாலும் முழு பவர்தான் அடிக்கும். கூடவே லேசர் முறையை ஆன் செய்யும் $32=1 என்று இருக்க வேண்டும்.

ஃபோகஸுக்கு மிஷினோடு வரும் கட்டையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பலகையின் ஒரு முனையை 10 மி.மீ. உயர்த்திச் சாய்த்து வைத்து, அதன் நீளத்துக்கு ஒரே கோடு போடுங்கள். கோடு எங்கே மெலிந்து கூர்மையாக இருக்கிறதோ, அந்த இடத்துக்கும் லேசர் தலைக்கும் உள்ள உயரமே சரியான ஃபோகஸ். 3 மி.மீ. பிளைவுட் நடுவில் லேசாக வளைந்திருந்தாலே நிறம் மாறிவிடும். நான்கு மூலையிலும் அழுத்திப் பிடித்து வையுங்கள்.

அடுத்தது கோட்டு இடைவெளி. ஸ்பீடையும் பவரையும் மாற்றாமல், 0.06 முதல் 0.15 மி.மீ. வரை இடைவெளியை மட்டும் மாற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் இடைவெளி அதிகம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கருகினால் குறைவு. பல மிஷின்களுக்கு 0.1 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு 254 கோடு (டி.பி.ஐ.), ஒத்துவரும். டையோடு லேசரின் புள்ளி பெரும்பாலும் வட்டமாக இருக்காது, நீள்சதுரமாகத்தான் இருக்கும். அதனால் கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் ஒரே தடிமனில் வராது. எந்தத் திசையில் டெஸ்ட் போட்டீர்களோ அதே திசையில்தான் வேலையையும் ஓட்ட வேண்டும்.

இப்போதுதான் ஸ்பீடு-பவர் கட்டம்: வரிசைக்கு ஒரு ஸ்பீடு, பத்திக்கு ஒரு பவர் என்று சின்னச் சதுரங்களை எரித்துப் பார்ப்பது. லைட்பர்ன் என்ற லேசர் சாஃப்ட்வேரில் இதற்கென்றே மெட்டீரியல் டெஸ்ட் இருக்கிறது. 10 வாட் ஒளிக்கு, பிளைவுட்டில் ஸ்பீடு நிமிடத்துக்கு 1000 முதல் 6000 மி.மீ. வரை, பவர் 20 முதல் 80 சதவீதம் வரை வைத்துத் தொடங்கலாம். 10 சதவீதத்துக்குக் கீழே பல டையோடுகள் நிலையாக எரியாது. கட்டங்களில் மிகக் கருப்பானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் கருப்பு ஒட்டினால் அது நிறமல்ல, கரி. துடைத்தால் போய்விடும், வார்னிஷ் அடித்தால் பரவும். ஒட்டாத அடர் பழுப்புதான் நல்ல கட்டம்.

ஓரங்கள் மட்டும் கருகினால் பவரைக் குறைப்பதில் பயன் இல்லை. தலை திரும்பும் இடத்தில் வேகம் குறைகிறது, அங்கே சூடு கூடுகிறது. முடுக்கம் விநாடி² க்கு 1000 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 6000 என்ற வேகத்தைத் தொடவே 5 மி.மீ. ஓட வேண்டும். ஓவர்ஸ்கேன், அதாவது படத்தின் ஓரத்தைத் தாண்டித் தலை எரிக்காமல் ஓடும் தூரம், அந்த 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பவர் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எம்4 முறையையும் பயன்படுத்துங்கள். ஓரம் கருகாமல் ரம்பப் பல் போல முன்னும் பின்னுமாக வந்தால் அது வேறு கோளாறு: பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது போகும் கோடும் திரும்பும் கோடும் விலகுவதைச் சரிசெய்யும் ஸ்கேனிங் ஆஃப்செட் கொடுக்க வேண்டியிருக்கும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. பைனில் மென்மையான வளையம் ஆழமாக எரியும், கெட்டி வளையம் மேடாக நிற்கும். ஒரே நிறம் வேண்டுமென்றால் பைன் வேண்டாம். தேக்கில் எண்ணெய் உண்டு, புகை சுற்றிலும் படிந்து ஒட்டிக்கொள்ளும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடித்தால் கறை டேப்போடு போய்விடும். செதுக்கும்போது காற்று மெதுவாக, லென்ஸில் புகை ஏறாத அளவுக்கு மட்டும் போதும். பலத்த காற்று வெட்டுவதற்குத்தான்.

தோல் என்றால் செட்டிங்குக்கு முன்னால் அது உண்மையில் தோல்தானா என்று பார்த்தே ஆக வேண்டும். பி.வி.சி. ரெக்சினை லேசரில் காட்டவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைக் கெடுக்கும், மிஷினையும் அரிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துண்டில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

உண்மையான தோலிலும் இரண்டு வகை உண்டு. வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம் பதனிட்டது. சூட்டில் அந்தக் குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும், அதனால் வேலைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. ஓரம் முழுக்கப் பழுப்பாக இருப்பது தாவரப் பட்டையில் பதனிட்டது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இந்த வகை. லேசருக்கு ஏற்றது இதுதான்.

தோலுக்கு மரத்தின் பாதி சூடு போதும். 10 வாட்டில் ஸ்பீடு நிமிடத்துக்கு 3000 முதல் 6000 மி.மீ., பவர் 15 முதல் 40 சதவீதம் என்று கட்டம் போடுங்கள். சூடு கூடினால் தோல் சுருங்கும், ஓரம் தூக்கும், ஃபோகஸ் போய்விடும். சுற்றிலும் காந்தம் வைத்து அழுத்துங்கள். ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு அடித்தால் கருகல் குறையும். முடிந்ததும் கரியை மிதமான சோப்பு நீரால் துடைத்துக் காய வைத்து, லெதர் கண்டிஷனர் பூசுங்கள்.

கண்ணுக்கு இந்த லேசரின் 450 நானோமீட்டர் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, புகை வெளியே போக ஃபேன், ஓடும்போது பக்கத்திலேயே ஆள்: இவை மூன்றும் இல்லாமல் மிஷினை ஆன் செய்யாதீர்கள்.

டெஸ்ட் பலகையின் பின்னால் மரத்தின் பெயர், ஃபோகஸ் உயரம், இடைவெளி, தேதி எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து அதே எண்களில் நிறம் வெளிறினால் பவரை ஏற்றாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் லென்ஸைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதே கட்டத்தை மறுபடி அடித்துப் பாருங்கள்.