தொட்டிலிலிருந்து பாய்க்கு

காரைக்குடிப் பக்கத்தில் எங்களுடையது ஒரு பழைய வளவு வீடு. முகப்பு, பட்டாலை, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். பிள்ளை ஒரு மூலையில் சிணுங்கினால் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்கும். கேட்டதும் நாலு பேர் எழுந்து வருவார்கள். குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்குவது பற்றி நான் படித்த யோசனைகளில் பாதிக்கு மேல், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இடைவெளி விட்டு எட்டிப்பார்க்கச் சொல்பவை. தனி அறையும் இரண்டே பெரியவர்களும் உள்ள வீட்டுக்கு அது சரிப்படலாம். இங்கே இரண்டாவது நிமிடமே அத்தை, அதாவது என் மாமியார், உள்ளே வந்திருப்பார். எனக்கும் அழவிட மனசில்லை. அதனால் அவசரப்படாமல், ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற வழியில் போனோம்.

மகள் பிறந்ததிலிருந்து தூங்கியது சேலைத் தொட்டிலில்தான். அத்தையின் பழைய கண்டாங்கிச் சேலை, உத்திரத்தில் இருக்கும் இரும்புக் கொக்கி, நடுவில் விரித்துப் பிடிக்க ஒரு கம்பு. தொங்கும் கயிற்றை யாராவது இழுத்துக்கொண்டிருந்தால் போதும், சீக்கிரம் கண் அயர்ந்துவிடுவாள். சிக்கல் அதற்குப் பிறகு. ஆட்டம் நின்ற கொஞ்ச நேரத்தில் அழுகை. திரும்ப ஆட்டினால் தூக்கம். நள்ளிரவு, இரண்டு மணி, மூன்றரை என்று கயிற்றைப் பிடித்தபடியே நான் சுவரில் சாய்ந்து தூங்கிய இரவுகள் நிறைய.

காரணத்தைக் குழந்தை மருத்துவர் விளக்கினார். இந்த வயதில் தூக்கம் ஏறத்தாழ 50, 60 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. ஒரு சுற்று முடிகிற இடத்தில் லேசாக விழிப்புத் தட்டும். நமக்கும்தான் தட்டுகிறது, புரண்டு படுத்துவிட்டுக் காலையில் மறந்துவிடுகிறோம். ஆடிக்கொண்டே தூங்கிப் பழகின பிள்ளைக்கு, விழிக்கும்போது ஆட்டம் இல்லையென்றால் மறுபடி எப்படித் தூங்குவது என்று தெரிவதில்லை. ஆகவே நடுராத்திரியோடு மல்லுக்கட்டாமல், முதலில் படுக்கப்போகிற அந்த நேரத்தைச் சரிசெய்யச் சொன்னார். ஆறு மாதம் முடிந்து, எடையும் நன்றாக ஏறியிருந்ததால் தொடங்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: புரளவும் உட்காரவும் முயலும் பிள்ளையைத் துணித் தொட்டிலில் விட்டுவிட்டு நகரக்கூடாது, வெளியே சரிந்து விழுந்துவிடும். தொட்டிலை விடுவதற்கு எனக்கு அது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

அத்தைக்குப் போதவில்லை. “ஏத்தா, பிள்ளையை அழவிட்டா தொப்புள் தள்ளிப்போகும்” என்றார். இந்தப் பக்கத்தில் இதைச் சொல்லாத வீடு கிடையாது. அடுத்த முறை தடுப்பூசிக்குப் போனபோது அத்தையையும் கூட்டிப்போய் மருத்துவரிடம் அவரையே நேரில் கேட்கவைத்தேன். தொப்புள் துருத்துவது, அந்த இடத்துத் தசை முழுதாக மூடாமல் இருப்பதால். அழும்போது அது பெரிதாகத் தெரியுமே தவிர அழுகையால் வருவதில்லை என்று மருத்துவர் சொன்னார். அத்தை முழுசாக நம்பினாரா தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், “தாலாட்டு நான்தான் பாடுவேன்” என்றார். அதுதான் எங்களுக்கு நடந்த பெரிய நல்லது. தினமும் அதே பாட்டு. மாமன் கொண்டுவரும் சீர்வரிசை வரை போகும், அங்கே நிறுத்திவிட வேண்டும், பிள்ளை முழித்திருந்தாலும் சரி. இது ஒன்றுதான் நிபந்தனை. முதலில் இன்னும் நாலு வரி, இன்னும் நாலு வரி என்று இழுத்தார். பிறகு அவரே அளவு பிடித்துக்கொண்டார்.

தொட்டிலை ஒரே நாளில் அவிழ்க்கவில்லை. முதலில், கண் சொக்கியதும் ஆட்டத்தை நிறுத்தி, சேலையின் மேல் கையை மட்டும் வைத்திருந்தோம். அது பழகியதும், ஆட்டவே ஆட்டாமல் கை மட்டும். அப்புறம் கீழே. ஆத்தங்குடிக் கல் தரை சித்திரையிலும் குளுகுளுவென்று இருக்கும். அதன் மேல் பாய், இறுக்கமான மெல்லிய மெத்தை, மேலே கொசுவலை. உறவுக்காரர்கள் கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் அலமாரிக்குப் போயின. ஒரு வயது வரை தலையணை வேண்டாம், மல்லாக்கப் படுக்கவைத்தால் போதும். பாய்க்கு வந்த முதல் சில நாட்கள் நன்றாகவே அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் தட்டிக்கொடுத்தேன். ரொம்ப அழுதால் தூக்கி, அடங்கியதும் மறுபடி படுக்கவைத்தேன். பிறகு தட்டுவது போய்க் கை மட்டும், கையும் போய் நான் மட்டும், நானும் நகர்ந்து நகர்ந்து அறை நிலைப்படி வரைக்கும்.

பாலையும் முன்னால் கொண்டுவந்தோம். மார்பில் வாய் வைத்தபடியே தூங்கினால் ஆட்டத்துக்குப் பதில் பால் என்று ஆகிவிடும். அதனால் வெந்நீரில் துடைத்து, பருத்திச் சட்டை போட்டு, விளக்கெரியும்போதே பால், அதற்கு அப்புறம் பாட்டு.

உண்மையில் கஷ்டம் பிள்ளையிடம் இல்லை, ஏழரை மணியில்தான் இருந்தது. சீரியல் ஓடும், கடையிலிருந்து ஆட்கள் திரும்புவார்கள், பேத்தியைப் பார்க்க யாராவது முகப்பில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் வளவு விளக்கை அணைக்கச் சொன்னால் மூதேவி வந்துவிடும் என்பார்கள். கடைசியில் வளவு விளக்கு எரியட்டும், எங்கள் அறை மட்டும் இருட்டாகட்டும், டிவி சத்தம் பாதியாகட்டும் என்று முடிவாயிற்று. பகலில் எவ்வளவு தூங்கவிடுவது என்றும் ஒரு சண்டை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 4 முதல் 11 மாதம் வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் என்று இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தூக்கம் போட்டால் எட்டு மணிக்கு எப்படி வரும்? ஐந்து மணிக்குள் எழுப்பிவிடுவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இடையில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தது. குழாய் ஒலிபெருக்கிக்கு முன்னால் எந்தத் தாலாட்டும் எடுபடாது. அந்த நாட்களில் தோளில் போட்டுத்தான் தூங்கவைத்தேன். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்து இறங்கும் என் கணவர், தூங்குகிற பிள்ளையை ஒரு தடவை தூக்கியே ஆவேன் என்பார். இப்போது அவரைத் தடுப்பது அத்தைதான். “பிள்ளையைத் தூக்காதீக, காலையில பார்த்துக்கலாம்.”

இரவில் ஒரு தடவை இன்னமும் பாலுக்கு எழுகிறாள். அது பசி, அதைக் குறைக்க அவசரமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தேவகோட்டையில் ஆயா வீட்டுக்கு, அதாவது என் அம்மா வீட்டுக்குப் போனால் முதல் இரவு புது இடம் என்று கொஞ்சம் படுத்துவாள். அதற்காக அதே பாயையும் கொசுவலையையும் எடுத்துப்போகிறோம். பாட்டுக்கு அத்தையைக் கூட்டிப்போக முடியாததால், என் அம்மா அதைப் போனில் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்.