காந்தம் ஒட்டாத வண்டியில் ஆன்டெனா

ஹாம் ரேடியோவுக்காக (அதாவது பொழுதுபோக்கு வானொலி) காந்த அடிப்பாகம் வைத்த ஆன்டெனாவை ஆசையாய் வாங்கி வந்து வண்டிக் கூரைமேல் வைத்தேன். நேராக வழுக்கி முன்கண்ணாடியில் விழுந்தது. என்னுடையது 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 2015 மாடலிலிருந்தே அதன் பாடி அலுமினியம். ஹாம் லைசென்ஸ் தேர்வில் ஓம் விதியெல்லாம் சரியாகப் போட்டவனுக்கு அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவும் என் தலையில்தான்.

சரி, கூரையில் துளை போட்டுவிடலாம் என்று ரேடியோ பொருத்தும் கடை ஒன்றுக்கு போன் செய்தேன். வாங்க, 19 மில்லிமீட்டர் துளைதானே, ஒரு மணி நேர வேலை என்றார்கள். டெக்சாஸ் வெயிலில் 40 மைல் போனால், கூரை ஓரத்தில் ஏர்பேக் இருக்கிறது, தொட மாட்டோம் என்று கவுன்டரில் இருந்தவர் கையை விரித்துவிட்டார். ஏர்பேக் ஓரத்தில் இருப்பது நிஜம், கேபிளைக்கூட அதன் குறுக்கே கொண்டுபோகக் கூடாது. ஆனால் அதை போனிலேயே சொல்லியிருக்கலாமே!

அப்புறம் நானே பானட் ஓரத்தில் பிராக்கெட் வைத்து, 2 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் 2 மீட்டர்) 49 சென்டிமீட்டர் கம்பியை நிறுத்தினேன். திருகு பெயின்ட்டைத் துளைத்து உலோகத்தைத் தொட்டே ஆக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பேட்டரியிலிருந்து நேராக வயர், பிளஸ்ஸில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், மைனஸ் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில். 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டை மறந்துவிடுங்கள்.

உயிரை வாங்கியது 40 மீட்டர் பேண்டுதான். சாமான் ஏற்றும் பின்பக்கத் தொட்டியின் ஓரத்தில் ஏழு அடி கம்பி வைத்து அளந்தேன், எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் கச்சிதம்) 1.3. துள்ளிக் குதித்தேன். ஆனால் ஒரு வாரம் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒருத்தர் காதிலும் விழவில்லை. உள்ளூர் ஹாம் பெரியவர் ஒருவர்தான் வண்டியின் பாகங்களை இணைத்துப் பட்டை கட்டினாயா என்று கேட்டார். கேபின் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது, சைலன்சர் குழாய் ரப்பரில் தொங்குகிறது, தொட்டி தனி. எல்லாம் ஒரே உலோகம் மாதிரி தெரிந்தாலும் ரேடியோ அலைக்கு அவை தனித்தனித் தீவுகள். ஒரு சனிக்கிழமை முழுக்க வண்டிக்கடியில் படுத்து, பெயின்ட் சுரண்டி, ஈயம் பூசிய செப்புப் பின்னல் பட்டைகளால் எல்லாவற்றையும் சேஸிஸோடு கட்டினேன். (வெறும் செம்பை அலுமினியத்தில் முடுக்காதீர்கள், ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும்.)

எழுந்து அளந்தால் எஸ்டபிள்யூஆர் 2! முன்னைவிட மோசம். பட்டைகளைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது. பெரியவர் சிரித்தார். அந்தக் குட்டைக் கம்பியின் மின்தடை ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு ரொம்பக் கீழே, இத்தனை நாள் மோசமான கிரவுண்டின் (ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் வண்டி உலோகம்) இழப்பும் சேர்ந்துதான் 50 ஆகக் காட்டியதாம். அதாவது அந்த அழகான 1.3 எனக்கு விழுந்த நாமம், என் வாட்டெல்லாம் வீணாய்ச் சூடாகிக்கொண்டிருந்தது. ஒரு அங்குல விட்டத்தில் எட்டுச் சுற்று வயர் சுற்றி அடிப்பாகத்திலிருந்து கிரவுண்டுக்கு இணைத்து, கம்பியைக் கொஞ்சம் குறைத்ததும் 1.4க்கு வந்தது. அன்று சாயங்காலமே மிசூரியிலிருந்து பதில், ஐந்து, ஏழு என்றார்கள், அதாவது தெளிவு ஐந்துக்கு ஐந்து, சிக்னல் பலம் ஒன்பதுக்கு ஏழு. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை: தொட்டி உயரத்தோடு சேர்த்தால் கம்பியின் நுனி 12 அடிக்குப் பக்கம். காபி வாங்கும் டிரைவ்-த்ரூவில் 9 அடி உயரத் தடுப்பில் அது அடித்த சத்தத்துக்கு உள்ளே இருந்த பெண் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். இப்போது அடியில் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், காபிக்கு இறங்கி நடந்தே போகிறேன்.